ஆறிப்போன டயர்

சிவகாசியில் காற்றடிக்கும் கடைக்குப் போய், "டயர்ல காத்தைக் குறைங்க" என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைக்காரர் பைப்பைக் கையில் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொறைக்கவா? கூட்டத்தான எல்லாரும் வாராக?"

"கொறைக்கத்தான் அண்ணாச்சி. முன்னாடி இருபத்தாறு, பின்னாடி இருபத்தெட்டு."

"அம்புட்டுக் கம்மியா வச்சா வண்டி இழுக்காது தாயி. நாப்பது வச்சு விடுறேன், கல்லு கணக்கா நிக்கும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் பைக் என்பது ஆளை விடச் சரக்குக்குத்தான் அதிகம் ஓடுகிறது. காகிதக் கட்டு, பசை டின், காலி அட்டைப்பெட்டி, காலண்டர் மூட்டை எல்லாவற்றையும் பின்னால் கட்டி, மூட்டைக்கு மேல் ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் வாசலில் நிற்கிற எந்த வண்டியின் டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், விரல்தான் வலிக்கும். அங்கே டிசைன் பிரிவில் பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் செய்வது என் வேலை.

"எதுக்குக் கொறைக்கணும்ங்கிறீக?" என்று அவர் விடவில்லை.

"ரேஸ் டிராக்ல ஓட்டப் போறேன்."

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பக்கத்து டீக்கடையில் நின்றவர்களையும் கூப்பிட்டுச் சொல்லி, அவர்களையும் சேர்த்துச் சிரிக்க வைத்தார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே சாத்தூருக்கு, வீட்டுக்கு வந்து, வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வால்வைக் குச்சியால் அழுத்தி அழுத்தி நானே காற்றை இறக்கினேன். அளந்து பார்க்க ஆன்லைனில் வாங்கிய சின்ன கேஜ் இருந்தது. புஸ் என்று சத்தம் வரும்போதெல்லாம் உள்ளே இருந்து என் மாமியார், "எதையோ கெடுத்துக்கிட்டு இருக்கா பாரு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டி முன்னூறு சிசி, கறுப்பு. என் சம்பளத்தில் நானே வாங்கியது. அது வருவதற்கு முன்னால் கம்பெனி வேனில்தான் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் போய் வந்தேன். விடிந்தும் விடியாமலும் தெருமுனையில் போய் நிற்க வேண்டும். ஒருத்தி வரத் தாமதமானால் மற்றவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, எவள் வீட்டில் என்ன சண்டை, எவள் யாருடன் சிரித்துப் பேசினாள் என்று கேட்டுக்கொண்டே வர வேண்டும். எனக்குத் தலைவலி என்றாலும் சரி, வேலை முடிந்துவிட்டாலும் சரி, வேன் கிளம்பினால்தான் நான் கிளம்ப முடியும். வண்டி வந்த பிறகு நான் நினைத்தபோது கிளம்பினேன். மல்லாங்கிணற்றில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்க யாரிடமும் கேட்காமல் போய் வந்தேன். கல்யாணமான பிறகு எனக்கென்று கிடைத்த நேரம் என்றால் அந்தச் சாலையில் கிடைத்த நேரம்தான்.

அதுதான் மாமியாரின் கண்ணை உறுத்தியது. ஸ்கூட்டி என்றால் பொறுத்திருப்பார். இது ஆம்பளை வண்டியாம். ஏதோ ஒரு விசேஷ வீட்டில் யாரோ ஒரு புண்ணியவதி, "ஒங்க மருமக வண்டியில பறக்குதாமுல்ல?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தினமும் பூசைதான். வண்டியை வித்துவிட்டு வேனில் போகச் சொல், போகச் சொல் என்று மகனைப் போட்டு அரித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் டிராக் ஆசை என்னைப் பிடித்தது. கோயம்புத்தூர் பக்கத்தில் ஒரு ரேஸ் டிராக்கில், சொந்த வண்டியோடு யார் வேண்டுமானாலும் ஒரு நாள் வந்து ஓட்டலாம் என்று போனில் பார்த்தேன். ரேஸ் ஜெயித்துக் கோப்பை வாங்கும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. சாத்தூர் நாலுவழிச் சாலையில் ஒரு பெண் வண்டி ஓட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் எவனையாவது தாண்டிவிட்டால் அவனுக்குப் பொறுக்காது. விரட்டிக்கொண்டு வந்து, உரசுவது போல் தாண்டி, திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். லாரி, ஆடு, எதிர்த்திசையில் வருகிற டிராக்டர். எவனும் எதிரில் வராத, எவனும் திரும்பிப் பார்க்காத ஒரு சாலையில் ஒரே ஒரு நாள் ஓட்ட வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

என் கணவரைப் பற்றி ஊரில் விசாரித்தால் தங்கமான மனுசன் என்பார்கள். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சத்தம் போட்டுப் பேச மாட்டார். பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரியாபட்டியில் இருந்து என் அண்ணன் வந்திருந்தபோது, தன் அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து நடுவராக நின்று தீர்ப்புச் சொன்னார்.

"போய்ட்டு வரட்டும். நானும் கூடப் போறேன். வண்டியில ஒரு கீறல் விழாம திரும்பி வந்துட்டா வண்டி அவளுக்கு, யாரும் பேசக்கூடாது. கீறல் விழுந்துச்சுனா வித்துரணும். அதுக்கப்புறம் அவ மறுபேச்சு பேசக்கூடாது."

மாமியார் உடனே, "நல்ல பேச்சு" என்றார். என் அண்ணன் தலையாட்டினான். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். என் புத்தியை என்னத்தச் சொல்ல, நானும் சரி என்றேன். ஒரு நாள் ஒழுங்காக ஓட்டிவிட்டு வந்தால் வாழ்நாள் முழுக்க வாயை அடைத்துவிடலாமே என்று நினைத்தேன்.

அதன் பிறகு டிராக்கைப் பற்றி எது கிடைத்தாலும் படித்தேன். டயரின் காற்றைப் பற்றித்தான் அதிகம் படித்தேன், விழாமல் இருப்பது அதில்தான் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னதால். டிராக்கில் வளைந்து வளைந்து ஓட்டும்போது டயர் சூடாகும். சூடானால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து அழுத்தம் ஏறும். அதனால்தான் கிளம்பும்போது குறைத்து வைக்க வேண்டும். சூடு ஏறினால்தான் ரப்பர் இளகித் தரையைப் பிடிக்கும். ஆறிய டயரோடு வேகமாக வளைந்தால் வழுக்கும். இதைச் சாப்பாட்டு நேரத்தில் இவருக்கு விளக்கினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டவர், கடைசியில், "சூடேறுறது நல்லதுன்னு எவன் சொன்னான்?" என்றார்.

அவர் வேலை அப்படி. பட்டாசு ஆலையில் சூடுதான் எமன். வெயில் ஏறுமுன் மருந்து கலக்குகிற வேலையை முடித்துவிட வேண்டும். கோடையில் அறை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், இவர் இருக்கிற ஆலையில் சாக்கை நனைத்து நனைத்துப் போடுவார்கள். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டருக்கு ஈரச் சாக்கு. வாசலில் வெயிலில் என் வண்டி நின்றால் பெட்ரோல் டேங்க் மேல் ஈரத் துண்டு. சீட் நனைந்து, நான் அதில் உட்கார்ந்து, ஈரச் சுடிதாரோடு அச்சகத்துக்குப் போய் எல்லோரும் கேலி பண்ணி, இதெல்லாம் எங்களுக்குள் பழைய சண்டை.

குட்டியானை வண்டி பிடித்து, என் வண்டியை அதில் ஏற்றினோம். பட்டாசு லோடு கட்டுகிற மாதிரி அவரே கயிறு போட்டுக் கட்டினார். கயிறு உரசிக் கீறல் விழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் அடியில் சாக்கை மடித்து வைத்தார். போகிற வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி இறங்கிப் பார்த்தார். அதுவரைக்கும் இவரைப் போல ஒரு புருசன் யாருக்குக் கிடைப்பான் என்றுதான் எனக்கு இருந்தது. இப்போது அதை எழுதும்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

டிராக்கில் வந்திருந்த பையன்களின் வண்டிகளைப் பார்த்தேன். பெரிய பெரிய வண்டிகள். சில வண்டிகளை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, டயரைச் சுற்றிக் கறுப்பாக ஒரு போர்வையைச் சுற்றி வைத்திருந்தார்கள். அது கரண்டில் ஓடுகிற போர்வை, டயரை முன்கூட்டியே சூடாக்கி வைப்பதற்கு. நான் படித்திருந்ததால் எனக்குத் தெரியும். இவரும் அதைப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இவர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. என்னிடமாவது கேட்டிருக்கலாம்.

வாடகைக்குக் கொடுத்த தோல் உடுப்பு எனக்குத் தொளதொளவென்று இருந்தது. இவர் பார்த்து, "சாக்குக்குள்ள வெங்காயம் கணக்கா இருக்க" என்றார். நான் சிரித்தேன். எங்கள் குழுவுக்குச் சொல்லித்தர ஒரு கோயம்புத்தூர்த் தம்பி வந்தார். என் கேஜை வாங்கி டயரை அளந்து பார்த்தார்.

"இருபத்தாறு, இருபத்தெட்டு. பரவால்லைங்க்கா, படிச்சுட்டு வந்திருக்கீங்க. ஓட்டிட்டு வந்ததும் சூட்டோட ஒருக்கா அளந்துக்கலாம்."

முதல் சுற்றுகளைப் பற்றி நிறைய எழுதலாம், எழுத மாட்டேன். அந்தச் சந்தோஷத்தை எழுதினால் இன்றைக்குத் தூங்க முடியாது. எதிரில் யாருமில்லை. முதலில் பயந்தேன், பிறகு வளைவுகளில் வண்டி தானாகச் சாய்ந்து தானாக நிமிர்ந்தது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பி வந்ததும் தம்பி டயரை அளந்தார். முன்னால் முப்பது, பின்னால் முப்பத்துமூன்று. கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். தோசைக்கல்லில் வைத்த மாதிரி சுட்டது.

"சூப்பருங்க்கா. ரெண்டு ரெண்டு பாயிண்ட் இறக்கிடலாம். சூட்டுல இதுதான் அளவு. வெயில்லயே நிக்கட்டும், அப்பத்தான் சூடு போகாது. சீக்கிரம் அடுத்த ரவுண்டு இருக்கு."

நானே இறக்கினேன். முன்னால் இருபத்தெட்டு, பின்னால் முப்பத்தொன்று. இவர் பக்கத்தில்தான் நின்றார். டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது. நான் அதைப் பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளைவுகளைப் பற்றிச் சொல்லித்தர எங்களை உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

வெளியே வந்தபோது அவசரம். "கெளம்புங்க, கெளம்புங்க" என்று கொடியைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இவர் வண்டியைத் தயாராகத் திருப்பி நிறுத்தி, துணியால் துடைத்து வைத்திருந்தார். "எல்லாம் சரியா இருக்கு, போ" என்று தோளில் தட்டினார். நான் ஏறிக் கிளம்பினேன்.

வேகமாகக்கூடப் போகவில்லை. கிளம்பியதும் வருகிற இடதுபக்க வளைவில், முதலில் எப்படிச் சாய்த்தேனோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் சாய்த்தேன். முன்சக்கரம் காலுக்கடியில் பாயை உருவியது போலப் போய்விட்டது. நினைப்பதற்குள் தரையில் கிடந்தேன். வண்டி எனக்கு முன்னால் சர்ரென்று வழுக்கிக்கொண்டே போனது. அது தரையில் உரசிய சத்தத்தை என் உடம்பில் எங்கேயோ கேட்டேன். எழுந்து என் தோளைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தேன். இடதுபக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு. கிளட்ச் லீவர் பாதியில் உடைந்திருந்தது. கீறல் ஒன்று என்றா கேட்டார்கள்!

முதலுதவிக் கொட்டகையில் தோளுக்கு மருந்து போட்டுக் கட்டினார்கள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. இவர் ஓடிவந்து என் முகத்தைத் தொட்டுப் பார்த்து, கையைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"நல்லவேளை டயரு வெடிக்கல. கொதிச்சுக் கெடந்துச்சு புள்ள. நீ உள்ள போனதும் சாக்கை நனைச்சு ரெண்டு டயரையும் நல்லாச் சுத்தி வச்சேன். இங்கன எல்லாருந்தான போர்வை போட்டுருக்காக, ஒன் வண்டி மட்டும் வெயில்ல அம்மணமா நின்னுச்சு."

அதற்குள் அந்தத் தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் நிறுத்தினார். முன்டயரில் கேஜை வைத்தார். இருபத்துநான்கு. மறுபடியும் வைத்துப் பார்த்தார். டயரைத் தொட்டார். பள்ளங்களில் ஈரம், சாக்கு நார், ஒட்டின மண்.

"யாருங்க இதுல தண்ணி ஊத்துனது?"

"நான்தான் தம்பி," என்றார் இவர். "சூட்டைத் தணிக்கத்தான்."

தம்பி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மரியாதையான பையன். அந்தப் போர்வை டயரைச் சூடாக்கத்தான் என்பதை, கரண்டு ஒயரைக் காட்டி, மெதுவாக விளக்கினார். ஆறிப்போய் ஈரமாகவும் இருந்தால் யார் ஓட்டியிருந்தாலும் அந்த வளைவில் விழத்தான் செய்வார்கள் என்றார். "அக்கா மேல தப்பே இல்லைங்க சார்." இவர் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

திரும்பி வரும் வழியில் குட்டியானையின் முன்சீட்டில் இவர் அழுதார். டிரைவர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "தெரியாம செஞ்சுட்டேன் புள்ள. ஒன் உசுருக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றார். நான் பொங்கிப்போய்த்தான் இருந்தேன். ஆனாலும் ஒரு மனுசன் அழுதால் என்ன செய்வது. "சரி, விடுங்க" என்றேன்.

"வீட்ல நான் சொல்லிக்கிறேன். நான் போட்ட சாக்காலதான் நீ விழுந்தேன்னு அம்மாகிட்டயும் ஒங்க அண்ணன்கிட்டயும் நானே சொல்றேன். வண்டி எங்கயும் போகாது. லீவரை மாத்தி, பெயிண்ட் அடிச்சுருவோம்."

"சொல்லுவீகளா?"

"சொல்லாம? எந் தப்புக்கு நீ எதுக்கு வண்டியை இழக்கணும்?"

அந்த இடத்தில் எனக்கு எல்லாக் கோபமும் இறங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, சுத்தமாக இறங்கிவிட்டது. டீ குடிக்க நிறுத்தியபோது, டயருக்குப் போர்வை போர்த்திய கதையை வயதான காலத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூடச் சொன்னேன். அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

சாத்தூரில் வீட்டு வாசலில் மாமியார் நின்றார். என் அண்ணனும் வந்திருந்தான். என்ன ஆனது என்று பார்க்க வந்தானா, பஞ்சாயத்தை முடித்து வைக்க வந்தானா தெரியாது. வண்டியை இறக்கினார்கள். தெரு விளக்கு வெளிச்சத்தில் இடதுபக்கம் அப்படியே தெரிந்தது. மாமியார் கிட்டே வந்து, குனிந்து, ஒரு கீறலின் மேல் விரலை வைத்து நீளமாக இழுத்துப் பார்த்தார். என் தோளில் போட்டிருந்த கட்டை அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்று மகனிடம் கேட்டார்.

இவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுருட்டி முடித்தார். மறுபடி அவிழ்த்துச் சுருட்டினார்.

"என்ன மச்சான், விழுந்துட்டாளா?" என்று அண்ணன் கேட்டான்.

"ம்," என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "கவனக்குறைவுதான், வேற என்ன" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஆலையில் ஏதாவது நடந்துவிட்டால் அந்த ஒரு வார்த்தைதான் வெளியே வரும். வேலை பார்த்தவரின் கவனக்குறைவு. அவர் ஆஸ்பத்திரியில் கிடப்பார், அல்லது இருக்கவே மாட்டார்; இல்லை என்று சொல்ல வர மாட்டார். சரக்கை அதிகமாக வைக்கச் சொன்னது யார், வெயிலில் வேலை வாங்கியது யார் என்ற பேச்சு அதோடு அடங்கிவிடும். விசாரிக்க வந்தவர்களிடம் ஒரு முறை இவரே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு வந்து சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வார்த்தை ஒருவரை என்ன செய்யும் என்று தெரியாமல் இவர் சொல்லவில்லை. தெரிந்துதான் என் மேல் போட்டார்.

"ஏங்க, என்ன சொல்றீக?" என்று கத்திவிட்டேன். "யார் கவனக்குறைவு? டயர்ல ஈரச் சாக்கைச் சுத்துனது யாரு? வழியெல்லாம் அழுதது யாரு? சொல்லுங்க!"

மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "சாக்குப் போட்டானாம்! நல்லதுக்குத்தான போட்டுருப்பான்? விழுந்தது நீ, பழி புருசன் மேலயா? நல்லா இருக்குத்தா நியாயம்."

"அத்தை, டயர் சூடா இருக்கணும்..."

"சூடா இருக்கணுமாம்! பட்டாசாபீஸ் ஃபோர்மேனுக்கு இவ சூட்டைப் பத்திச் சொல்லித்தாரா!"

என் அண்ணன்காரன் ஏதாவது பேசுவான் என்று பார்த்தேன். கூடப் பிறந்தவன். "விடு தங்கச்சி," என்றான். "நடந்தது நடந்துருச்சு. பெரியவுக முன்னாடி குடுத்த வார்த்தை. அதுப்படி நடந்துக்க." கோயம்புத்தூர்த் தம்பிக்குப் போன் போட்டுத் தருகிறேன், கேளுங்கள் என்றேன். எவனோ ஒருவனிடம் போனில் கேட்டுத்தான் குடும்பம் நடத்த வேண்டுமா என்று மாமியார் உள்ளே போய்விட்டார். இவர் அவ்வளவு நேரமும் அந்தக் கயிற்றை விடவில்லை.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுக்களையில் வைத்துக் கேட்டேன். சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற கட்டம் தாண்டிவிட்டது.

"ஏன் சொல்லல?"

தண்ணீர் மோந்து குடித்தார். "அம்மா முன்னாடி, மச்சான் முன்னாடி எப்படிச் சொல்றது? ஃபோர்மேனே சாக்குப் போட்டுப் பொண்டாட்டியைத் தள்ளிவிட்டான்னு கம்பெனி வரைக்கும் பேச்சுப் போகும். நாளைக்கு எவன் நான் சொல்றதைக் கேப்பான்?"

"அப்ப நான்?"

"நீ தாங்கிக்கிருவ," என்றார். நிஜமாகவே எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார். "ஒரு வண்டிதான புள்ள."

கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே என் துணியை எடுத்துக்கொண்டு மல்லாங்கிணற்றுக்குப் போயிருப்பேன். தங்கமான மனுசனாயிற்றே. என்ன சொல்லிக்கொண்டு போவது? குடிக்கிறாரா, அடிக்கிறாரா என்று அம்மா கேட்பாள். டயரில் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டுப் பழியை என் மேல் போட்டார் என்றால் அவளும் சிரிப்பாள். வயிற்றெரிச்சல் என்று சொல்வார்களே, அது நிஜமாகவே வயிற்றில்தான் எரியும் என்று எனக்கு அந்த வாரம் தெரிந்தது.

வண்டியை விருதுநகரில் இருந்து ஒருவர் வந்து பார்த்தார். லீவரை மாற்றியிருந்தோம், கீறல் அப்படியே இருந்தது. ஏதும் அடிபட்டிருக்கிறதா என்று அவர் கேட்டார். இவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "விழுந்துச்சு. வண்டி மேல குத்தமில்ல, என் மேலயும் குத்தமில்ல. இவுகதான் கெடுத்தாக." வந்தவர் திகைத்துப்போய் இவரைப் பார்த்தார். இவர் சிரித்தார். "வண்டி போகுதேன்னு கோவம் சார் அவளுக்கு" என்றார். வந்தவரும் சிரித்தார். ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு, சாவி என் கையில் இருந்ததால், நான்தான் அதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது நான் வேனில்தான் போகிறேன். முன்பு உட்கார்ந்த அதே ஜன்னல் ஓரத்தை எனக்காக விட்டுக்கொடுத்தார்கள். வண்டி எங்கே என்று கேட்டவர்களிடம் வித்தாச்சு என்றேன். மல்லாங்கிணற்றுக்குப் போக வேண்டுமென்றால் இவரிடம் கேட்கிறேன். இவரே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார், ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

வீட்டில் சண்டை என்பதே இல்லை. சிலிண்டரில் சாக்கைப் போட்டாலும் நான் ஒன்றும் சொல்வதில்லை. இவர் எது சொன்னாலும், "சரிங்க" என்கிறேன். வண்டி போனதும்தான் வீட்டுக்கு நிம்மதி வந்தது என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். சில சாயங்காலங்களில் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன, முன்ன மாதிரிப் பேசவே மாட்டேங்குற?" என்று கேட்பார். அன்றைக்கு வாசலில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தை இப்போதாவது சொல்லிவிடுவாரோ என்று அவர் முகத்தைப் பார்ப்பேன். பிறகு, "ஒண்ணுமில்லையே" என்பேன். "அப்பச் சரி" என்று எழுந்து டிவி பார்க்கப் போய்விடுவார்.